மேலிருந்து ஒன்பதாவது

நாய்க்கு உரிமம் வாங்கப் போன டெஸ்மண்ட் ஹாலிங், ஊருக்கே ஆண்டறிக்கை இல்லாமல் பண்ணிவிடுவார் என்று அன்று காலை யாராவது சொல்லியிருந்தால், அவர் மனைவி மார்கோ ஒருத்திதான் நம்பியிருப்பாள்.

"போனியா, உரிமத்தை வாங்கினியான்னு வரணும்," என்று அவள் வாசலிலேயே எச்சரித்தாள். "அங்க எதையாவது சரி பண்றேன்னு உக்காந்துடாதே."

"நான் என்னத்தைச் சரி பண்ணப் போறேன்?"

"சர்ச் மைக்கைத் தொடறதுக்கு முன்னாடியும் இதையேதான் கேட்டே."

அந்த மைக் இன்றைக்கும் பிரசங்கத்தின் நடுவே பக்கத்து ஊர் டாக்ஸி டிரைவரின் குரலைப் பிடித்துக் கொடுக்கிறது. டெஸ்மண்ட் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினார்.

வெர்மான்டில், மலைக்கு நடுவே கார்ஸ்டன் ஹாலோ என்ற இந்த ஊருக்கு அவர்கள் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. கனெக்டிகட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர் டெஸ்மண்ட். இங்கே அவருக்கு வீடு உண்டு, நாய் உண்டு, விறகு அடுக்கிவைக்க ஒரு கொட்டகை உண்டு. பெயர்தான் இல்லை. 'சமவெளிக்காரர்' என்றால் போதும், யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். மலைக்குக் கீழே பிறந்த எல்லோருக்கும் அதே பட்டம். நாற்பது வருஷம் முன்னால் வந்த பல் டாக்டரையே இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த வருஷம் அதை மாற்றிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஊருக்கு மூன்று வேலிப் பார்வையாளர்கள். இரண்டு பண்ணைக்காரர்களுக்குள் வேலித் தகராறு வந்தால் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. கடந்த இருபது வருஷத்தில் அவர்களை இரண்டு தடவைதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் ஒரே மாட்டுக்காக. மூவரில் ஒருவர் மூட்டுவலி தாங்காமல் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து "டெஸ்மண்ட் ஹாலிங்" என்று சொல்ல வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருஷ ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், ஊர் அதிகாரிகள் பட்டியலில், அவர் பெயர் அச்சில் வந்துவிடும்.

ஆறு ஊர்க்கூட்டம் ஆகிவிட்டது. இதுவரை எந்தப் பதவிக்கும் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

டவுன் ஆபீஸில் ஊர் எழுத்தர் ஆர்டித் பொமர்லோ தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயது. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயிப்பவர். ஊரில் பிறப்பு, இறப்பு, கல்யாணம், நிலம், நாய் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் நடக்கும்.

"நாய் பேரு?"

"ஆட்மிரல்."

"போன வருஷமும் அதே பேருதானே?"

"அதே நாய்தானே, ஆர்டித்."

"கேக்கறது என் கடமை. நாலு மணிக்குள்ள ஆண்டறிக்கை அச்சகத்துக்குப் போயாகணும். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னாடி எல்லா வீட்டுக்கும் சேரலைன்னா கூட்டத்தையே தள்ளி வைக்கணும். அதனால சீக்கிரம் சொல்லுங்க. ஆண்தானே?"

அவர் உரிமப் படிவத்தின் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அழுத்தினார். 'எதில் திறக்க' என்ற பட்டியல் திரையில் விரிந்தது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த டெஸ்மண்டுக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஷீட்வெல். ஷீட்வெல். ஷீட்வெல். ஷீட்வெல். பக்கம் அமைக்கிற அந்த ஒரே மென்பொருளின் பெயர், திரையின் மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடிவரை, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றது. எண்ணினார். பதினான்கு.

ஆர்டித் சுட்டுவிரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார். உதடு அசைந்தது. ஒன்பதாவதில் விரல் நின்றது. அழுத்தினார். படிவம் திறந்தது.

"ஆர்டித், ஒரே பேரு பதினாலு தடவை வருதே?"

"வருது."

"அது வேற ஒண்ணுமில்ல. அந்தப் புரோகிராமோட பிரதி மெஷின்ல அங்கங்க கிடக்கும். ஒவ்வொண்ணையும் மெஷின் தனி ஆளா நினைச்சுக்குது. அஞ்சு நிமிஷம் குடுங்க, ஒண்ணே ஒண்ணு ஆக்கிடறேன்."

"எனக்கு அது தொந்தரவா இல்லையே."

ஆறு வருஷம் இந்த மலையில் வாழ்ந்தவருக்கு இந்நேரம் தெரிந்திருக்க வேண்டும்: இங்கே யாரும் 'வேண்டாம்' என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். 'தொந்தரவா இல்லை' என்றாலே கதவைச் சாத்தித் தாழ் போட்டாயிற்று என்று அர்த்தம். ஆனால் டெஸ்மண்டின் காதில் அது பெருந்தன்மையாக விழுந்தது. பாவம், பிறருக்குச் சிரமம் தர விரும்பாத பெண்மணி!

அந்த நேரம் பார்த்து ஒரு வக்கீல் குமாஸ்தா பழைய நிலப் பத்திரம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஆர்டித் எழுந்தார். பின்னால் இருந்த இரும்பு அறை, பாங்க்கில் இருப்பது போலவே கனத்த கதவு, பித்தளைச் சக்கரம். ஊரின் இருநூறு வருஷக் காகிதம் அதற்குள்தான்.

"உரிமம் பிரின்ட் ஆகி வரும், எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தாவோடு உள்ளே போய்விட்டார்.

டெஸ்மண்ட் பிரின்டரைப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. மார்கோவின் முகம் ஒரு கணம் மனக்கண்ணில் வந்தது. அதை மரியாதையாக ஓரம்கட்டிவிட்டு கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு போனார்.

வேலை சுத்தமாக நடந்தது. முப்பத்தொரு வருஷ அனுபவம் வீண் போகுமா? 'பத்திரம்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர்; அதற்குள் வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர்; ஒவ்வொன்றிலும் ஒரு ஷீட்வெல். கடைசியாக வந்ததை மட்டும் விட்டுவிட்டுப் பதின்மூன்றையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினார். குப்பையைக் காலி செய்தார். பிறகு கறுப்புச் சாளரம் ஒன்றைத் திறந்து, பட்டியலை முதலிலிருந்து புதிதாக எழுதச் சொல்லி ஒரு வரிக் கட்டளை அடித்தார். மெஷின் ஒரு கணம் யோசித்தது. 'எதில் திறக்க' என்று கேட்டுப் பார்த்தார்.

ஷீட்வெல். ஒன்றே ஒன்று. மார்கழி வானத்தில் ஒற்றை நட்சத்திரம் மாதிரி அழகாக இருந்தது.

கை சும்மா இருக்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. '9' என்று மட்டும் எழுதியிருந்தது. ஓரமெல்லாம் சுருண்டு அழுக்கேறிக் கிடந்தது. அதையும் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் திரையைத் துடைத்தார்.

குமாஸ்தாவை அனுப்பிவிட்டு ஆர்டித் திரும்பி வந்தார். நாற்காலியில் டெஸ்மண்ட். திரை பளபளவென்று இருந்தது.

"பாருங்க!" என்றார் டெஸ்மண்ட், குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் காட்டுகிற மாதிரி.

ஆர்டித் பார்த்தார். சுட்டுவிரலைத் திரையில் வைத்தார். ஒன்று. அதற்கு மேல் விரலுக்குப் போக இடமில்லை. அங்கேயே நின்றது.

"ஒன்பதாவது எங்க?"

"ஒன்பதாவதுன்னு ஒண்ணு கிடையாது ஆர்டித், எல்லாம் ஒண்ணேதான். ஒரே பேரு!"

"இந்த ஊர்ல வில்லியம் கிராஃப்ட்டுன்னு நாலு பேரு இருக்காங்க," என்றார் ஆர்டித், குரலை உயர்த்தாமல். "ஒரே பேருதானேன்னு மூணு பேரைக் கொன்னுடுவீங்களா?"

டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்தது. ஆர்டித் சிரிக்கவில்லை என்று கண்டதும் அது வந்த வழியே போய்விட்டது.

பிறகு விஷயம் வெளியே வந்தது. ஊர் எழுத்தர் எதையும் எறிய மாட்டார். அது அவர் தொழில் தர்மம். ஒவ்வொரு வருஷமும், ஆண்டறிக்கை வேலை முடிந்த பிறகு, அந்த வருஷத்து ஷீட்வெல்லை முழுசாக ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷப் பத்திரத்தை அந்த வருஷத்துப் புத்தகத்திலேயே வைப்பது மாதிரி. எந்த வருஷ அறிக்கையைத் திறந்தாலும் அந்த வருஷ ஷீட்வெல்லில் திறந்தால், அச்சடித்தபடியே வரும். ஒன்பதாவதுக்குப் பிறகு வந்தவையெல்லாம் கட்டங்களைக் கலைத்தன. ஆகவே அவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஐந்து வருஷமாக ஒன்பதாவதிலேயே வேலை செய்கிறார். அதுதான் அந்த மஞ்சள் சீட்டு.

"நீங்க விட்டு வெச்சிருக்கறது பதினாலாவது," என்றார் ஆர்டித். "அதுல நான் கைகூட வைக்கறதில்ல."

"ஒரு சின்ன விஷயம். திறந்து பார்த்துடலாம்."

"எழுபத்தாறு பக்கம். திறங்க."

டெஸ்மண்ட் திறந்தார். எழுபத்தாறு பக்கம் நூற்றுப் பதின்மூன்று பக்கமாக விரிந்தது. இறந்தோர் பட்டியல் நழுவிப் போய்ப் பிறந்தோர் பட்டியலோடு கலந்து, தொண்ணூற்றிரண்டு வயதில் போன ஒரு கிழவர் ஏழு பவுண்டு எடையில் மறுபடி பிறந்திருந்தார். பனி அள்ளும் சாலைகளின் கட்டம் நூலகத்துக்குள் புகுந்துவிட்டது.

மணி பன்னிரண்டு. நான்கு மணிக்கு அச்சகம்.

ஆர்டித் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, சீஸ் சாண்ட்விச்சைச் சாப்பிட்டார். ஓர் ஆப்பிளையும் நறுக்கிச் சாப்பிட்டார். டெஸ்மண்ட் கோட்டைக் கழற்றினார். அரைமணியில் ஸ்வெட்டரையும் கழற்றினார். காலி செய்த குப்பையை மீட்கிற வழி ஒன்றை முயன்றார், மெஷின் கைவிரித்தது. பக்கம் பக்கமாகக் கையால் சரி செய்யலாம் என்று தொடங்கினார். ஏழாம் பக்கத்தைச் சரி செய்தால் நாற்பதாம் பக்கம் நொண்டியது.

'வேலிப் பார்வையாளர்,' என்று நினைத்துக்கொண்டார். 'இனி இந்த ஊர் வேலியை நான் வெளியே நின்றுதான் பார்க்கணும்.'

இரண்டு மணிக்கு அவர் எண்பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்தார். 'இந்த ஆண்டு உரிமம் பெற்ற நாய்கள்' என்ற தலைப்பு. அதற்குக் கீழே, பீகிள் நாய்களுக்கும் லாப்ரடார் நாய்களுக்கும் நடுவில், பக்கம் முழுக்க ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். ஊராட்சிக் குழுத் தலைவர் வெண்டல் கிராஃப்ட். மாட்டுப் பண்ணைக்காரர், தீயணைப்புப் படையில் முப்பது வருஷம். படத்துக்குக் கீழே: 'இந்த ஆண்டறிக்கையை நன்றியுடன் இவருக்குச் சமர்ப்பிக்கிறோம்.'

டெஸ்மண்டுக்குச் சில்லென்றது. ஒவ்வொரு வருஷ அறிக்கையையும் ஊர்க்காரர் ஒருவருக்குச் சமர்ப்பிப்பார்கள்; அது யாருக்கு என்பது ஆர்டித்துக்கு மட்டுமே தெரியும். ஊர்க்கூட்டத்துக்கு வரும் அறிக்கை வீட்டு வாசலில் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். ஊராட்சிக் குழுவுக்கே தெரியாது. முன்கூட்டி வெளியே வந்ததாக ஒரு வருஷமும் கிடையாது.

"ஆர்டித், நான் இதைப் பார்த்திருக்கக் கூடாது..."

வாசல் கதவு திறந்தது. பனியைத் தட்டி உதறிக்கொண்டு உள்ளே வந்தவர் வெண்டல் கிராஃப்ட்டேதான்.

"என்ன ஆர்டித், அறிக்கை போயாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கவுன்ட்டரைச் சுற்றி வந்தார். இது அவர் ஊர், அவர் ஆபீஸ், கேட்பாரில்லை. "இவர் என்ன பண்றார் உன் நாற்காலில?"

டெஸ்மண்டுக்கு மவுஸ் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, திரையின் மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார். மூக்கு எங்கோ லாப்ரடார்களின் மேல் அழுந்தியது.

வெண்டல் நின்றார். "உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"நகருங்க, பாப்போம்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். சமர்ப்பணத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. அது தன் தலையையே கொடுக்கிற வழி.

"எல்லாத்தையும் உடைச்சுட்டேன், வெண்டல். ஆர்டித் வேண்டாம்னாங்க. நான் கேக்காம கை வெச்சு மொத்த அறிக்கையையும் நாசம் பண்ணிட்டேன். பார்க்கற நிலைமையில இல்ல. வெக்கமா இருக்கு. தயவுசெஞ்சு போங்க."

வெண்டல் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, மெதுவாக மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுக் கோழி இப்படித்தான் முட்டை மேல படுத்திருக்கும்," என்றார். "அதுவும் கிட்டப் போனா இப்படித்தான் கத்தும். ஆர்டித், நாலு மணிக்குள்ள போகுமா?"

"போகும்."

"இவர் இருக்கும்போதேவா?"

"நீ போனா போகும்."

வெண்டல் போனார். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வண்டிச் சத்தம் மலை வளைவில் தேயும்வரை டெஸ்மண்ட் திரையை விடவில்லை.

"எழுந்துக்கலாம்," என்றார் ஆர்டித். "கண்ணாடி உடைஞ்சுடும்."

டெஸ்மண்ட் எழுந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று தரையில் உருண்டது. "என்னை மன்னிச்சுடுங்க. அச்சகத்துல நானே போய்க் கெஞ்சறேன். வீடு வீடா நானே..."

ஆர்டித் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு இரும்பு அறைக்குள் போய், ஒரு ஷூ டப்பாவோடு திரும்பி வந்தார். உள்ளே வரிசையாகப் பதினான்கு டிஸ்க். ஒவ்வொன்றின் மேலும் வருஷம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரை குத்தியிருந்தது. ஒன்பதாவதை உருவி மேஜையில் வைத்தார்.

டெஸ்மண்ட் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது... இங்கயேதான் இருந்ததா?"

"எங்க போகும்? இரும்பு அறைக்குள்ள போனதை வெளிய எறிய எனக்கே அதிகாரம் கிடையாது."

"பன்னிரண்டு மணியிலேர்ந்து நான் நாயா பேயா அலையறேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே," என்றார் ஆர்டித். "அஞ்சு நிமிஷம்தான்னு சொன்னீங்க. குறுக்க பேசறது மரியாதை இல்லன்னு இருந்துட்டேன். மூணு மணிக்கு எடுத்துக் குடுக்கலாம்னு நினைச்சேன்." ஆப்பிள் தோலை டப்பாவில் போட்டு மூடினார். "சரி, இப்பவே இருக்கட்டும்."

ஒன்பதாவது ஷீட்வெல்லை மெஷினில் ஏற்றித் திறந்தார்கள். எழுபத்தாறு பக்கம். கிழவர் நிம்மதியாக இறந்தோர் பட்டியலுக்குத் திரும்பினார். வெண்டல் நாய்களை விட்டுவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தார். இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அறிக்கை அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"இப்ப மீதி," என்று ஷூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார் ஆர்டித். "பழசுலேர்ந்து புதுசு வரைக்கும். வரிசை மாறக் கூடாது."

டெஸ்மண்ட் அழித்த பதின்மூன்றில் மிச்சமிருந்த பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். பட்டியல் மறுபடியும் திரை முழுக்க நீண்டது. குப்பைக்கூடையில் கைவிட்டு மஞ்சள் சீட்டைத் தேடி எடுத்து, நீவி, அதே இடத்தில் ஒட்டினார்.

வீட்டில் மார்கோ கேட்டாள்: "உரிமம் எங்க?"

"மறந்துட்டேன்."

"நாலு மணிநேரம் அங்க என்ன பண்ணினே?"

"ஒண்ணும் சொல்ல முடியாது."

மார்கோ நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து அவள் கேட்டதில்லை. அடுத்த பத்து நாளும் அதே பதில்தான். இதற்குள் சமவெளிக்காரர் டவுன் ஆபீஸ் கம்ப்யூட்டரை உடைத்த கதை கடைவீதி, பெட்ரோல் பங்க், சர்ச் எல்லாம் சுற்றி வந்துவிட்டது. டெஸ்மண்ட் எங்கே காபி குடிக்கப் போனாலும் யாராவது அவர் கைக்கு எட்டாமல் தங்கள் போனை நகர்த்தி வைத்தார்கள். தான் ஏன் திரையை மறைத்தார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் முதல் செவ்வாய். பள்ளிக்கூட ஜிம்மில் ஊர்க்கூட்டம். மடிப்பு நாற்காலிகள், பின்னால் பீன்ஸும் இனிப்புப் பலகாரமும் வைத்த நீள மேஜை. எல்லார் மடியிலும் ஆண்டறிக்கை. அது வீடுகளுக்கு வந்த நாளிலிருந்து வெண்டல் யாரைப் பார்த்தாலும் காது சிவக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது, வேலிப் பார்வையாளர், ஒரு இடம்," என்றார் கூட்டத்தை நடத்துபவர். "யார் பேராவது?"

டெஸ்மண்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது வருஷம்.

வெண்டல் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"போன மாசம் ஒரு ஆளைப் பார்த்தேன். டவுன் ஆபீஸ் கம்ப்யூட்டர் மேல கோழி மாதிரி படுத்திருந்தார். ஏன்யான்னா, எல்லாத்தையும் உடைச்சுட்டேன்னார். நானும் போய் ஊரெல்லாம் சொன்னேன்." ஜிம்மில் சிரிப்பு. "அப்புறம் இந்தப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததும்தான் அவர் எதை மறைச்சார்னு புரிஞ்சுது. எல்லாரும் சேர்ந்து அவரைக் கேலி பண்ணினோம். வாயைத் திறக்கலை. வேலித் தகராறுல ரெண்டு பக்கமும் வந்து காதுல ஓதுவாங்க. அங்க இப்படி ஒரு ஆள்தான் வேணும். டெஸ்மண்ட் ஹாலிங்."

"அப்போ உடைச்சேன்னது பொய்யா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

ஆர்டித் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்த்தினார். "பொய்யில்ல. நல்லாவே உடைச்சார்," என்றார். "வழிமொழியறேன்."

கைகள் உயர்ந்தன. மார்கோ இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்றுதான் கணக்கு என்று இறக்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேலிப் பார்வையாளர் டெஸ்மண்ட் ஹாலிங்குக்கு ஊராட்சித் தலைவரிடமிருந்து முதல் அதிகாரபூர்வத் தொலைபேசி வந்தது.

"டெஸ்மண்ட், உன் நாய்க்கு இன்னும் உரிமம் இல்லையாமே? பதவியில இருக்கறவன் பண்ற வேலையா இது? ஓடு."

டெஸ்மண்ட் ஓடினார். ஆர்டித் படிவத்தின் மேல் மவுஸை வைத்தார். பட்டியல் விரிந்தது. இப்போது பதினைந்து ஷீட்வெல் இருந்தன.

"இந்த வருஷத்தோடது ஒண்ணு கூடியிருக்கு," என்றார் ஆர்டித், விரலைத் திரையில் வைத்துக்கொண்டே. "தொந்தரவா இருக்கா?"

"இல்லவே இல்ல," என்றார் டெஸ்மண்ட். இரண்டு கைகளையும் கோட் பைகளுக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, அவரோடு சேர்ந்து மனசுக்குள் ஒன்பது வரை எண்ணினார்.